ஏழரைக் குதிரைத்திறன் குரல்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மாபெரும் சாதனை, 'இது என்னுடையது' என்று சொல்லக் கற்றுக்கொண்டதுதான். அந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் கலைகள் எழுந்தன, நூல்கள் எழுந்தன, நாகரிகமே எழுந்து நின்றது.

இதைச் சொன்னவர் வக்கீல். சொன்ன இடம் குளியலறைக் கண்ணாடி. சொன்னபோது அவர் இடுப்பில் இருந்த துண்டில் ஏதோ ஓர் ஓட்டலின் பெயர் நீல நூலில் நெய்யப்பட்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. கீழ் வீட்டுக்காரங்களுக்கு நாகரிகம் எழுந்தது சரியா கேட்கலை" என்றாள் கதவுக்கு வெளியே அண்ணி.

அண்ணி, வக்கீலின் மனைவி. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வக்கீலின் தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது மாடி வீடு, பக்கத்து வீடு, அச்சகம் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். மாதம் ஒருமுறை வக்கீலும் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலே வரி. வக்கீலின் தங்கைக்கு வீட்டுப் பெயர் ரேடியோ. சின்ன வயதில் நிறுத்த முடியாமல் பேசியதால் வந்த பெயர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பெனிக்காக, பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் நாலு நாள் உட்கார்ந்து, லிஃப்ட் பேச வேண்டியதையெல்லாம் பேசிக் கொடுத்தாள். கம்பெனி வளர்ந்தது, ரேடியோவை மறந்தது. இந்த வருஷம் அவள் குழந்தைகளுக்குக் கதை படித்து இணையத்தில் போட ஆரம்பித்தாள். உடனே ஒரு நோட்டீஸ்: 'இது எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான குரலின் நகல்.' கதைகள் அத்தனைக்கும் பூட்டு.

பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம். பத்தாவது நாள் இன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் போகாவிட்டால் கதைகள் அழிக்கப்படும். அதற்கப்புறம் அவள் தன் குரலில் எதைப் போட்டாலும் நகல்தான்.

இன்றே ஆறு மணிக்கு, வழக்கறிஞர் சங்க அரங்கில், அவளுடைய அண்ணனுக்குப் 'படைப்புரிமைப் பேரரண்' என்று பட்டம் கொடுக்கிறார்கள். அவர் எழுதிய சட்ட நூலுக்காக.

எட்டு மணிக்கு ரேடியோ வந்தாள்.

லிஃப்டில் ஏறியதும் லிஃப்ட் சொன்னது, "கதவு மூடுகிறது."

"மூடு" என்றாள் ரேடியோ.

"மூன்றாம் தளம்."

"தெரியும்."

பத்தொன்பது வருஷமாக லிஃப்டுக்கும் அவளுக்கும் இப்படித்தான் பேச்சுவார்த்தை. லிஃப்டின் குரல் மட்டும் வயதாகாமல் இருந்தது. இவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று. அதற்கு இன்னும் முப்பத்து நாலு.

"வா, உட்காரு, பேரரண் டிரஸ் பண்ணிட்டு இருக்காரு" என்றாள் அண்ணி, காபியை நீட்டி.

"அண்ணி, நேத்து ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கர்ல நான் பேசறேன். 'பன்னிரண்டாம் எண், உங்கள் நேரம் முடிந்துவிட்டது'ன்னு. பன்னிரண்டாம் நம்பர்காரர் எண்பது வயசு பெரியவர். திடுக்குனு எழுந்து நின்னுட்டார். நான் பக்கத்துல இருந்தவங்ககிட்ட ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே."

"நீ அதைப் பேசிக் கொடுத்தியா?"

"அதான் சொல்றேன். நான் பேசவே இல்லை. நான் பேசினது எண்கள், தளம், கதவு, 'தயவுசெய்து காத்திருக்கவும்'. அதோட சேர்த்து அர்த்தமே இல்லாம கொஞ்சம் எழுத்துக் கூட்டம் படிக்கச் சொன்னாங்க. அதை வச்சுக்கிட்டு இப்ப எல்லாம் பேசுது. நான் போகாத ஊருக்கு மழை வருமான்னு சொல்லுது. வங்கியில கடன் கிடையாதுன்னு சொல்லுது. போன வாரம் ஒரு கடையில மன்னிப்புக் கேட்டுது, அண்ணி. என் குரல்ல."

அண்ணி தன் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"நீ மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதே இல்லையே."

"நானும் கேட்டதில்லை. நல்லாத்தான் இருந்தது."

இருவரும் அடுப்பங்கரை ஜன்னல் வழியே எதிர்க் கட்டடங்களைப் பார்த்தார்கள். பதினெட்டு மாடி, இருபது மாடி. ஒவ்வொன்றிலும் லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நிமிஷம், உலகத்தில் எத்தனை கதவுகள் இவள் சொல்லித் திறந்துகொண்டிருக்கும் என்று நினைத்ததும் அண்ணிக்குக் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்க வேண்டும்போல் இருந்தது. வைத்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவள் பிஸ்கெட்டைக் காபியில் தோய்த்து, பாதி உள்ளே விழுந்துவிட, ஸ்பூன் தேடிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் கறுப்புக் கோட்டில் வெளியே வந்தார். கோட்டில் அவர் எப்போதும் இரண்டு அங்குலம் உயரம்.

"ஆபீசுக்குப் போவோம். கம்பெனிக்கு ஒரு போன். நான் யாருன்னு தெரிஞ்சா அவங்களே விட்டுடுவாங்க."

---

வக்கீலின் ஆபீஸ் அறையில் சுவர் முழுக்கச் சட்டப் புத்தகங்கள். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தூசி. மேஜை மீது அவர் எழுதிய நூல் மட்டும் தனியாக, சாய்வாக, வருகிறவர்களைப் பார்த்த மாதிரி.

எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. சொல்லுங்கள்."

வக்கீல் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே அவர் யாருக்கும் எழுந்ததில்லை.

"அம்மா, வணக்கம்மா. தங்கள் நிறுவனம் அனுப்பிய நோட்டீஸ் சம்பந்தமாகத் தங்களுடைய மேலான கவனத்துக்கு..."

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா அண்ணா?" என்றாள் ரேடியோ.

"சும்மா இரு."

"நீங்கள் 'சும்மா இரு' என்று சொன்னீர்கள். காத்திருக்கிறேன்" என்றது குரல்.

வக்கீல் நெற்றியைத் துடைத்தார். "மன்னிக்கணும். ஒரு மனிதரோட பேச முடியுமாம்மா?"

"மனிதரோடு பேச ஒன்பதை அழுத்தவும்."

ஒன்பதை அழுத்தினார். மணி அடித்தது.

"வணக்கம். சொல்லுங்கள்" என்றது அதே குரல், இன்னும் கொஞ்சம் நெருக்கமாக.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க என்றுதான் பொத்தினாள். பொத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

குரல் தானாகவே தொடர்ந்தது. "பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவின்படி, சகல உரிமைகளும் எங்கள் வசம் உள்ளன. ஒப்பந்தத்தின் பிரதியை இப்போது உங்களுக்கு அனுப்புகிறேன்."

'சகல' என்ற சொல்லில் ஒரு மெல்லிய விசில் இருந்தது. ஒரு நூல் அளவு காற்று.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த விசிலை அவருக்குத் தெரியும். அவருக்குப் பதினோரு வயது, தங்கைக்கு எட்டு. பூங்கா ஊஞ்சலில் ஓங்கித் தள்ளினார். அவள் கம்பியில் மோதினாள். முன்பல்லில் ஒரு மூலை போயிற்று. அன்றிலிருந்து அவள் 'ச' சொல்லும்போதெல்லாம் அந்தக் காற்று. டாக்டர் சரி செய்தும் போகவில்லை. இப்போது அது அவள் போகாத ஊர்களுக்கு மழை சொல்கிறது, கடன் கேட்டவர்களுக்கு இல்லை என்கிறது, பல்லே இல்லாமல் விசில் மட்டும்.

"அது நான் தள்ளினது" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஆமா. அதுக்கும் ஒரு பங்கு கேளு" என்றாள் ரேடியோ.

கேட்கமாட்டார் என்று பயப்பட வேண்டாம், கேட்டார். கூட்டுப் படைப்பாளி என்ற கோணத்தில் சட்டப்படி வாதாட இடம் உண்டு என்று இரண்டு நிமிஷம் பேசினார். அண்ணி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஒப்பந்தம் கணினித் திரையில் வந்தது. வக்கீல் நான்காம் பிரிவை வாய்விட்டுப் படித்தார்.

"'இன்றுள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படவுள்ள எல்லா வடிவங்களிலும், எல்லாக் கருவிகளிலும், இப்பூவுலகிலும் அதற்கு அப்பாலும், காலவரையின்றி, பொருளின் மீதான சகல உரிமைகளையும் முதல் தரப்பினர் மனமுவந்து வழங்குகிறார்.'" கண்ணாடியைக் கழற்றினார். "உடைக்கவே முடியாது. அப்பழுக்கில்லாத வேலை. அன்னிக்கு இந்த மாதிரி குரல் பேசும்னு உலகத்துல எவனுக்கும் தெரியாது. ஆனா எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பூவுலகுக்கு அப்பாலும்ங்கிறான் பார். எப்பேர்ப்பட்ட மூளை."

"நீதானே அண்ணா எழுதினே."

"நான்தான்" என்றார் வக்கீல், அடக்கமாக.

அது ஊரறிந்த விஷயம். அந்தக் காலத்தில் கம்பெனிக்கு அவர்தான் வக்கீல். தங்கையையும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். 'படிக்கவெல்லாம் வேண்டாம், உன் அண்ணன் எழுதினது, கையெழுத்துப் போடு' என்றார். போட்டாள். பிறகு அதையே மாதிரி ஒப்பந்தமாகத் தன் நூலின் ஏழாம் அத்தியாயத்தில் முழுசாகச் சேர்த்தார். அந்த அத்தியாயத்துக்காகத்தான் இன்றைய பட்டம்.

"அப்ப என் குரல் போச்சு."

"போச்சுன்னு சொல்லாதே. பாதுகாப்பா இருக்குன்னு சொல்லு. வேற இடத்துல." கோட்டைச் சரிசெய்தார். "தடை உத்தரவு கேட்டு மனு போடலாம். எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள..."

"எட்டு மாசத்துல அது இன்னும் என்னென்ன பேசி முடிச்சிருக்கும்?" ரேடியோ கத்தவில்லை. கத்தியிருந்தால் வக்கீலுக்கு வசதியாக இருந்திருக்கும். "லிஃப்ட் எல்லாம் வேண்டாம்ணா. வச்சுக்கட்டும். எனக்கே அதைக் கேட்டா பிரமிப்பாத்தான் இருக்கு. யாரோ ஒரு பெரிய ஆள் என் வாயை வாங்கிட்டுப் போய் ஊர் ஊராப் பேசற மாதிரி. ஆனா நான் என் வீட்டுல உட்கார்ந்து ஒரு கதை படிக்கறதுக்கு, அந்த ஆள்கிட்டப் போய் நின்னு கேட்கணுமா?"

வக்கீல் அலமாரியைப் பார்த்தார். அங்கே பதில் இல்லை.

அண்ணி ஒப்பந்தத்தை அச்செடுத்தாள். பதினாறு பக்கம். கைப்பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்தாள்.

---

பிழை திருத்துபவர்கள் படிப்பது நாம் படிப்பது போல இல்லை. வரிக்குக் கீழே ஸ்கேலை வைப்பார்கள். அடுத்த வரி கண்ணில் படக்கூடாது. கதை, கருத்து, அர்த்தம் எதுவும் உள்ளே வராமல், இருப்பது மட்டும் தெரிய வேண்டும். அண்ணி இருபத்தாறு வருஷமாக அப்படிப் படித்திருக்கிறாள். மூன்று அகராதி, ஆயிரத்துச் சொச்சம் பாடப் புத்தகம். எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது, எதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

மதியம் இரண்டு மணிக்குப் பதினாறாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. அட்டவணை. ஒப்பந்தங்களின் கடைசியில் வருவது, கையெழுத்துக்கு அவசரப்படுகிறவர்கள் புரட்டிவிட்டுப் போகிற பக்கம்.

"ஏங்க, நாலாம் பிரிவுல 'பொருள்'னு வருதே, அது என்ன?"

"குரல்."

"அப்படி இங்க போடலை. 'பொருள் என்பது அட்டவணையில் குறித்துள்ளதையே குறிக்கும், வேறெதையும் குறிக்காது'ன்னு போட்டிருக்கு."

"சரி. அட்டவணையில குரல்னு இருக்கும்."

அண்ணி ஸ்கேலை நகர்த்தாமல் படித்தாள். "'ஏழரைக் குதிரைத்திறன் கொண்ட நீர்மூழ்கி மோட்டார் ஒன்று, இருநூறு அடிக் குழாயுடன்.'"



ரேடியோ எட்டிப் பார்த்தாள். "என்கிட்ட ஏது மோட்டார்?"

வக்கீலின் முகத்தில் பத்தொன்பது வருஷம் பின்னோக்கி ஓடியது. நான்காம் பிரிவு அவருடையது. சத்தியமாக அவருடையது. மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து எழுதியது. மற்ற பதினைந்து பக்கத்தையும் அவருடைய சீனியரின் கோப்பிலிருந்து எடுத்தார். ஒரு போர்வெல் கேஸ். பெயர்களை மாற்றினார், தேதியை மாற்றினார். அட்டவணைக்கு வருவதற்குள் களைத்துவிட்டார்.

"அப்ப கம்பெனிக்கு நான் என்னதான் கொடுத்தேன்?" என்றாள் ரேடியோ.

"பூவுலகிலும் அதற்கு அப்பாலும், காலவரையின்றி, ஒரு மோட்டார்" என்றாள் அண்ணி.

யாரும் சிரிக்கவில்லை. அது அவ்வளவு பெரியதாக இருந்தது. இத்தனை லிஃப்ட், இத்தனை வங்கி, இத்தனை ஆஸ்பத்திரி, எல்லாம் பேசிக்கொண்டிருந்த பிரமாண்டத்துக்கு அடியில் கையளவு காகிதம்கூட இல்லை. ஒரு மோட்டார் இருந்தது. அதுவும் இல்லாத மோட்டார்.

"நூலுக்கு மெய்ப்புப் பார்த்தது நீதானே?" வக்கீல் மெதுவாகத் திரும்பினார். "அப்ப உன் கண்ணுல படலையா?"

"பட்டது. ஓரத்துல கேள்விக்குறி போட்டு, 'மோட்டார் சரியா?'ன்னு எழுதினேன். நீங்க அதை அடிச்சுட்டு 'மூலத்தில் உள்ளபடியே விடவும்'னு எழுதி, ரெண்டு கோடு போட்டீங்க. சட்டம்னா உள்ள எங்கயாவது ஒரு மோட்டார் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

---

மூன்றரைக்கு வக்கீல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். வழி ஒன்றுதான், அவருக்கே தெரியும். ஒப்பந்தம் எப்படி உருவானது என்று, எழுதியவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதை எழுதியவர் படைப்புரிமைப் பேரரண். கொடுத்த அரை மணியில் நீதிமன்ற வளாகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"பட்டத்தை வாங்கிட்டு, நாளைக்குக் கொடுத்தா?"

"அஞ்சு மணி" என்றாள் அண்ணி.

ரேடியோ ஒன்றும் கேட்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்தது ஊஞ்சலில் மோதிய அன்று ஒருநாள்தான். வாயில் கையை வைத்துக்கொண்டு இப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"டைப் பண்ணு" என்றார் மனைவியிடம். "'மேற்படி ஒப்பந்தத்தில், நான்காம் பிரிவு நீங்கலாக, மற்ற பகுதிகள் யாவும் வேறோர் ஒப்பந்தத்திலிருந்து தழுவப்பட்டவை...'"

அண்ணியின் விரல் நின்றது. "தழுவினா மோட்டார் வராது."

"'உந்துதல் பெற்று எழுதப்பட்டவை.'"

"மோட்டார்தான் உந்தும். நீங்க நகல் எடுத்தீங்க."

"சரி. நகல்." தொண்டையைச் செருமினார். "'உரியவரின் அனுமதியின்றி.' அதையும் போட்டுடு. 'அட்டவணையைத் திருத்தாமல் விட்டது என் கவனக்குறைவு. எனவே என் சகோதரியின் குரல் எவருக்கும், எக்காலத்திலும், எழுதிக் கொடுக்கப்படவில்லை.'"

"பூவுலகுக்கு அப்பால?" என்றாள் ரேடியோ.

"அங்கேயும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டார் வக்கீல்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனிக்கு ஒன்று, பூட்டுப் போட்ட இணையதளத்துக்கு ஒன்று. நாலு விநாடியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்தது. பத்தொன்பது வருஷத் தப்பை நாலு விநாடியில் வாங்கிப் போட்டுக்கொண்ட அந்த வேகத்தை மூவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரில் போகும்போது பதில் வந்தது. ரேடியோவின் போன் அதைத் தானே படித்தது, ரேடியோவின் குரலில்.

"உங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. அட்டவணையின்படி குரல் எங்கள் உடைமை அல்ல. உங்கள் கதைகள் திறக்கப்படுகின்றன. அதே அட்டவணையின்படி, எங்களுக்கு உரிமையான ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரும் இருநூறு அடிக் குழாயும் இதுவரை வந்து சேரவில்லை. பதினைந்து நாட்களுக்குள் ஒப்படைக்கவும்."

"இன்னொரு தடவை போடு" என்றாள் அண்ணி, ஓட்டிக்கொண்டே.

ரேடியோ போடவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தன் முதல் கதையின் முதல் வரியைத் தானே சொல்லிப் பார்த்தாள். மெதுவாக, யாருக்கும் இல்லாமல். விசிலோடு. போனில் பேசியவளைவிடக் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. வக்கீல் பின்னால் திரும்பவில்லை, காது மட்டும் அங்கே இருந்தது.

---

அரங்கில் இருநூறு நாற்காலி, இருநூறிலும் ஆள். சங்கத் தலைவர் பதினெட்டு நிமிஷம் புகழ்ந்தார். ஏழாம் அத்தியாயத்தின் மாதிரி ஒப்பந்தத்தைக் கையாளாத வக்கீல் இந்த ஊரில் உண்டா என்று கேட்டார். உண்டு என்று ஒருவரும் கை தூக்கவில்லை.

வக்கீல் எழுந்தார். நெருப்பு, நாகரிகம் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அந்த ஒப்பந்தத்துல நாலாம் பிரிவைத் தவிர எதுவும் என்னுடையது இல்லை" என்றார். "வேற ஒருத்தரோடது, கேட்காம எடுத்தேன். அதுல 'பொருள்'ங்கிற இடத்துல ஒரு தண்ணி மோட்டார் இருக்கு. என் தங்கச்சியோட குரலை எழுதி வாங்கினதா நினைச்சோம், வாங்கினது மோட்டார். நீங்க யாராவது அதை அப்படியே போட்டிருந்தா..."

முடிக்கவில்லை. 

முதலில் மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்து, போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். பிறகு ஒரு வரிசையே. பாடகர்களுக்கு ஒப்பந்தம் எழுதியவர்கள், ஓவியர்களுக்கு எழுதியவர்கள், எழுத்தாளர்களுக்கு எழுதியவர்கள். பாட்டு, படம், நாவல் என்று நினைத்து வாங்கிய அத்தனையும் ஒவ்வொன்றாக மோட்டாராக மாறிக்கொண்டிருந்தது. மேடையிலிருந்து பார்த்த வக்கீலுக்கு, காகிதத்தில் தான் போட்ட ஒரு சோம்பல், ஊர் முழுக்க இத்தனை அலமாரிகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது முதல்முறையாகக் கண்ணால் தெரிந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலருகே நின்ற, நூலை வெளியிட்ட பதிப்பாளர், வெளியே போகிறவர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

எழுந்து போனவர்கள் நூற்று முப்பத்தெட்டுப் பேர். அந்த நூல் இதுவரை விற்றது நாற்பத்தொரு பிரதி.